இராமன் சரி, இஸ்கூல் தப்பா?

கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கில மொழியியல் நடத்துகிறேன். கைடில் இருக்கும் இரண்டு மார்க் விளக்கங்களை மனப்பாடம் செய்துகொண்டுதான் பலர் வருகிறார்கள். அதை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, இரண்டு விரலைத் தொண்டையில் வைக்கச் சொல்வேன்.

பூனைகளுக்குக் 'கேட்ஸ்', நாய்களுக்கு 'டாக்ஸ்'. இரண்டிலும் கடைசியில் எஸ்தான் எழுதுகிறோம். ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்கள் சொல்லும்போது பூனையில் வெறும் காற்று வரும். நாயில் வண்டு ரீங்காரம்போல அதிரும். நம்மில் பலர் இரண்டையும் ஒன்றாகவே சொல்வதால் முதலில் விரலுக்கு எதுவும் தெரியாது. ஒலிப்பதிவைக் கேட்டு, அதேபோல் சொல்லிப் பார்த்தால் தெரியும். முன்னால் இருக்கும் ஒலி அதிர்ந்தால் எஸ்ஸும் அதிரும், அவ்வளவுதான் கணக்கு. பஸ் மாதிரி ஸகரத்தில் முடியும் சொல் என்றால் நடுவே ஒரு குட்டி உயிரொலி வந்துவிடும்.

இதை ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. 1958இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர், பறவை மாதிரி ஒரு படத்தைக் காட்டி, இது ஒரு 'வக்' என்றார். ('தங்கம்' என்பதில் வரும் க ஒலியோடு முடிக்க வேண்டும்.) அப்புறம் இரண்டைக் காட்டி, இப்போது இரண்டு என்ன என்று கேட்டார். அதுவரை கேட்டே இராத அந்தச் சொல்லுக்குப் பெரும்பாலான குழந்தைகள் அதிரும் எஸ்ஸையே சேர்த்தன.

நாமும் அப்படித்தான். கல், தங்கம், பகல்: எழுத்து ஒரே க, ஒலி மூன்று. எங்கே எது வரும் என்று எந்த வாத்தியார் சொல்லிக் கொடுத்தார்? தெரியாமலே தெரிந்துவைத்திருக்கும் இந்த விதிகளைத் தோண்டி எடுப்பதுதான் மொழியியலில் பாதி வேலை.

போன வருடம் ஒரு மாணவி வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். விசாரித்தால், ஆறாவது படிக்கும்போது 'இஸ்கூல்' என்றாளாம். வகுப்பே சிரித்ததாம், ஆசிரியரும் சேர்ந்து. எனக்குக் கோபம்தான் வந்தது. தமிழ்ச் சொல் இரண்டு மெய்யோடு தொடங்காது. ரகரத்திலும் தொடங்காது, அதனால்தான் ராமனுக்கு முன்னால் இ போட்டு இராமன் என்கிறோம், அதை இலக்கணம் என்கிறோம். அவள் நாக்கு செய்ததும் அதே வகை வேலைதான். லத்தீனின் ஸ்கோலாவை ஸ்பானியர்கள் எஸ்குவேலா ஆக்கிக்கொண்டார்கள், அவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

இருந்தாலும் நேர்முகத் தேர்வு என்று ஒன்று இருக்கிறதே. பாம்பு சீறுவதுபோல 'ஸ்ஸ்ஸ்' என்று இழுத்து, மூச்சை விடாமல் 'கூல்' சேர்க்கச் சொன்னேன். நான்காம் நாள் வந்துவிட்டது. வந்த கையோடு, "சார், அப்போ ஸ்டேஷன், ஸ்பூனுக்கும் இதே வழிதானா?" என்று கேட்டாள்.