கொசுவின் வயிற்றில் வேலை செய்யும் தடுப்பூசி

தடுப்பூசி என்றால் போட்டுக்கொண்டவருக்குப் பாதுகாப்பு என்பதுதான் நமக்குப் பழகிய கணக்கு. மலேரியா ஆய்வில் இந்தக் கணக்குக்குள் அடங்காத ஒரு வகை உண்டு. அதைப் போட்டுக்கொண்டவருக்கு மலேரியா வந்தால் காய்ச்சலும் குளிர்நடுக்கமும் வழக்கம்போல வரும், ஒன்றும் குறையாது. ஆனால் அவரைக் கடித்த கொசுவால் அடுத்தவருக்கு நோயைக் கொண்டுபோக முடியாது. ஊசி குத்துவது மனிதரின் கையில், வேலை நடப்பது கொசுவின் வயிற்றில்.

இது எப்படிச் சாத்தியம் என்று புரிய, மலேரியா ஒட்டுண்ணி கொசுவுக்குள் போன முதல் ஒரு மணி நேரத்தைப் பார்க்க வேண்டும்.

மனித ரத்தத்தில் ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் புகுந்து, பெருகி, அதை உடைத்துக்கொண்டு வந்து அடுத்த அணுவுக்குள் புகும். காய்ச்சலுக்குக் காரணம் இந்தச் சுற்றுதான். இதில் ஒரு சிறு பங்கு மட்டும் பெருகுவதை நிறுத்திவிட்டு, ஆண், பெண் என்று பிரிந்து கேமிட்டோசைட்டுகளாக மாறும். பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் இனத்தில் அவை முதிரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அதுவரை பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையில் பதுங்கியிருந்து, பிறை வடிவம் எடுத்த பிறகுதான் ரத்த ஓட்டத்துக்குத் திரும்பும். இவற்றால் நமக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. சிக்கலே அதுதான்: காய்ச்சல் எதுவும் இல்லாமல் நடமாடுகிறவரின் ரத்தத்திலும் இவை இருக்கலாம்.

பெண் அனாபிலிஸ் கொசு அந்த ரத்தத்தைக் குடிக்கிறது. குடித்த ரத்தம் சில டிகிரி குளிர்கிறது, அதன் அமிலத்தன்மை மாறுகிறது, கொசுவின் உடலிலுள்ள சாந்துரெனிக் அமிலம் அதோடு கலக்கிறது. இடம் மாறிவிட்டது என்று கேமிட்டோசைட்டுக்குத் தெரிந்துவிடும். ஆண் கேமிட்டோசைட் தன் டி.என்.ஏ.வை மூன்று முறை இரட்டித்து, கால் மணி நேரத்துக்குள் சாட்டை போன்ற எட்டு ஆண் செல்களை வெளியே தள்ளுகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் அசையாமல் கிடந்த உருண்டை ஒன்று திடீரென்று துடித்து, பக்கத்துச் சிவப்பணுக்களை இடித்துத் தள்ளும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி. பெண் செல் உருண்டு திரண்டு காத்திருக்கும். கரு உருவானதும் ஒரு நாளுக்குள் அது ஊகைனீட்டாக நீண்டு, கொசுவின் குடல் சுவரைத் துளைத்து, மறுபக்கத்தில் ஊசிஸ்ட் என்ற சிறு பையாக ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு ஊசிஸ்டுக்குள்ளும் அடுத்தவருக்குத் தொற்றக்கூடிய ஸ்போரோசோயிட்டுகள் ஆயிரக்கணக்கில் பிறந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போகும். இத்தனைக்கும் ஏறத்தாழ இரண்டு வாரம்.

இதில் கவனிக்க வேண்டியது, கருவுறும் நேரத்தில் ஒட்டுண்ணி எங்கும் ஒளிந்திருக்கவில்லை. சிவப்பணு என்ற போர்வையை உதறிவிட்டு, மனித ரத்தக் குட்டையில் வெறும் உடம்போடு நிற்கிறது. அதே ரத்தத்தில் மனிதரின் ஆன்டிபாடிகளும் வந்திருக்கின்றன. அவை செரித்துப் போகச் சில மணி நேரம் ஆகும். அந்த இடைவெளிதான் தடுப்பூசிக்குக் கிடைத்த வாசல். 1976இல் கோழி மலேரியாவில் இதைச் செய்து காட்டினார்கள்: ஒட்டுண்ணியின் பாலின நிலைகளைக் கோழிக்கு ஊசியாகப் போட்டார்கள், அந்தக் கோழியைக் கடித்த கொசுக்களில் தொற்று பெருமளவு நின்றுபோனது.

எண்ணிக்கையும் நமக்குச் சாதகம். மனித உடலில் ஒட்டுண்ணிகள் கோடிக்கணக்கில் இருக்கும். ஊசிஸ்டோ, வெளியில் பிடித்த தொற்றுள்ள கொசுவில் பெரும்பாலும் ஒன்று, இரண்டு, மிஞ்சிப்போனால் ஐந்து. ஒட்டுண்ணியின் முழு வாழ்க்கையிலும் இதைவிடக் குறுகலான இடம் கிடையாது.

சரி, எதைக் குறிவைப்பது? முக்கியமாக மூன்று புரதங்கள் பேசப்படுகின்றன: பிஎஃப்எஸ் 230, பிஎஃப்எஸ் 48/45, பிஎஃப்எஸ் 25. எண்கள் அவற்றின் எடையை, மூலக்கூறுகளை எடைபோடும் கிலோடால்டன் அளவில் சொல்பவை. முதல் இரண்டும் மனித உடலிலேயே கேமிட்டோசைட்டில் உருவாகிவிடும். அதனால் தடுப்பூசி போட்டவருக்கு இயற்கையாகத் தொற்று வரும்போது, ஆன்டிபாடி அளவு தானாக ஏற வாய்ப்புண்டு. பிஎஃப்எஸ் 25 கொசுவுக்குள் போன பிறகுதான் உருவாகிறது. மனித நோய் எதிர்ப்பு மண்டலம் அதைப் பார்த்ததே இல்லை என்பதால் அது அதிகம் உருமாறவில்லை, அது நல்லது. ஆனால் ஆன்டிபாடி இறங்கினால் மறுபடி ஊசியால்தான் ஏற்ற வேண்டும். போதாக்குறைக்குச் சின்னப் புரதம், தனியாகப் போட்டால் உடல் லேசில் கண்டுகொள்ளாது. சூடோமோனாஸ் பாக்டீரியாவிலிருந்து நச்சு நீக்கி எடுத்த ஒரு பெரிய புரதத்தின் முதுகில் ஏற்றித்தான் கொடுத்துப் பார்த்தார்கள்.

முனைவர் பட்டம் முடித்துவிட்டு இந்தத் துறைக்கு வருகிற ஆய்வாளரின் நாள் பெரும்பகுதி கொசுவோடுதான் கழியும். ஆய்வகத்தில் வளர்த்த கேமிட்டோசைட்டுகளை ரத்தத்தோடும் சோதிக்க வேண்டிய ஆன்டிபாடியோடும் கலந்து, வெந்நீர் சுற்றி ஓடும் சிறு கண்ணாடிக் குடுவையில் ஊற்றுவார்கள். அடியில் மெல்லிய சவ்வு. அதன் கீழே, வலை கட்டிய கப்பில் பட்டினி போட்ட கொசுக்கள். சவ்வைத் தோல் என்று நம்பி அவை குடிக்கும். ஒரு வாரம் கழித்து ஒவ்வொரு கொசுவையும் நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, வால் நுனியை இடுக்கியால் மெல்ல இழுத்தால் குடல் முழுசாக வெளியே வரும். இழுப்பு கொஞ்சம் அவசரப்பட்டால் அறுந்துவிடும், அந்தக் கொசு கணக்கில் சேராது. மெர்குரோகுரோம் சாயத்தில் ஊறவைத்தால் ஊசிஸ்டுகள் சிவப்பு வட்டங்களாகத் தெரியும். எண்ண வேண்டியதுதான். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் முதன்முதலாகப் பார்த்ததும் இதே வட்டங்களைத்தான்.

எண்ணி முடித்த பிறகு ஒரு பொறி இருக்கிறது. ஆய்வகக் கொசுவில் வேண்டுமென்றே நிறைய ஊசிஸ்டுகள் வரும்படி செய்வார்கள், இல்லையென்றால் ஒப்பிட முடியாது. சராசரி ஐம்பது ஊசிஸ்டு இருந்த இடத்தில் ஆன்டிபாடி அதை ஐந்தாக்கினால் 90 சதவீதக் குறைவு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஐந்து ஊசிஸ்டு உள்ள கொசுவும் நோயைப் பரப்பும்! அதே ஆன்டிபாடி வெளியில், இரண்டே ஊசிஸ்டு வரவிருந்த கொசுவில், பெரும்பாலும் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஊசிஸ்டு எவ்வளவு குறைந்தது என்பதும், எத்தனை கொசு தொற்றே இல்லாமல் தப்பியது என்பதும் வேறு வேறு கேள்விகள். என்னைக் கேட்டால், இந்தத் துறை பற்றிய செய்திகளில் பாதிக் குழப்பம் இவை இரண்டையும் ஒன்றாக்குவதால் வருவது.

எலியை நம்புவதும் இன்னொரு பொறி. எலிச் சோதனையில் பிஎஃப்எஸ் 230ஐவிட பிஎஃப்எஸ் 25 சளைத்ததாகத் தெரியவில்லை. 2021இல் வெளியான ஆய்வில் மனிதரிடம் முந்தியது 230. அதன் ஆன்டிபாடி தனியாக வேலை செய்வதில்லை. ரத்தத்திலுள்ள காம்ப்ளிமென்ட் புரதங்களைக் கூப்பிட்டு, ஒட்டுண்ணியின் மேலுறையில் துளை போடவைக்கிறது. அந்தக் காம்ப்ளிமென்ட்டும் கொசு குடித்த ரத்தத்தோடு சேர்ந்தே வருகிறது.

தனக்கு நேரடிப் பலன் இல்லாத ஊசியை ஒருவர் ஏன் போட்டுக்கொள்ள வேண்டும்? இது நியாயமான கேள்விதான். ஊரில் போதுமான பேர் போட்டுக்கொண்டால் கொசுவிலேயே தொற்று குறைந்து, சுற்றி வந்து எல்லோருக்கும் பலன் சேரும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஆர்டிஎஸ்எஸ், 2023இல் ஆர்21 என்று நோயைத் தடுக்கும் இரண்டு தடுப்பூசிகளைக் குழந்தைகளுக்குப் பரிந்துரைத்திருக்கிறது. அவற்றோடு இதைச் சேர்த்துக் கொடுத்தால், அவற்றைத் தாண்டி வரும் தொற்றும் அங்கேயே நிற்கும் என்பது திட்டம். 2023இல் மட்டும் உலகில் 26.3 கோடிப் பேருக்கு மலேரியா வந்தது, 5,97,000 பேர் இறந்தார்கள் என்பது அந்த நிறுவனத்தின் மதிப்பீடு.

மாலி நாட்டில் நடந்த சோதனைகளில் சவ்வையும் விட்டுவிட்டு, தடுப்பூசி போட்டவரின் தோலிலேயே ஆய்வகத்தில் வளர்த்த கொசுக்களைக் கடிக்கவிட்டார்கள். அந்தக் கொசுக்களையும் ஒரு வாரம் வளர்த்து, ஒவ்வொன்றாக அறுத்துப் பார்க்க வேண்டும். தடுப்பூசி போடாதவரைக் கடித்த கொசுக்களிலும் பெரும்பாலானவற்றில் ஒரு ஊசிஸ்டும் இருக்காது, ஏனென்றால் அன்றைக்கு அவர் ரத்தத்தில் கேமிட்டோசைட்டே இல்லாமல் இருக்கலாம். ஊசியால் வந்த சுழியமா, எப்படியும் வந்திருக்கும் சுழியமா என்று பிரித்துச் சொல்ல ஆயிரக்கணக்கில் குடல்களை இழுத்தாக வேண்டும்.