சிலபஸில் இருக்கும் வினைச்சொற்களைப் பார்த்தீர்களா?

போன மாதம் ஒரு இன்டர்வியூ. எதிரே உட்கார்ந்திருந்த தம்பியின் ரெஸ்யூமில் சிசிஎன்ஏ, அதாவது சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் சான்றிதழ், இருந்தது. பாஸ் செய்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ரவுட்டர்கள் தங்களுக்குள் வழித்தகவலைப் பகிரும் ஓஎஸ்பிஎஃப் பற்றிக் கேட்டேன். 'நான் இருக்கிறேன்' என்று சொல்லும் இடைவெளியான ஹலோ டைமர் 10 விநாடி, பதில் இல்லை என்று கைவிடும் டெட் டைமர் 40 விநாடி, இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும் என்று மூச்சு விடாமல் சொன்னார். சரி என்று லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். பாக்கெட் டிரேசர் என்ற நெட்வொர்க் சிமுலேட்டரில் இரண்டு ரவுட்டர்கள், நடுவே ஒரு கேபிள். பிங் போகிறது, ஆனால் இரண்டும் நெய்பர் ஆகவில்லை, அதாவது ஓஎஸ்பிஎஃப்-இல் கைகோக்கவில்லை. ஒரு பக்கம் ஹலோ டைமரை 15 என்று மாற்றி வைத்திருந்தேன். கொஞ்ச நேரத்துக்கு முன் அவரே ஒப்பித்த விஷயம்தான் கோளாறு. பத்து நிமிடம் ஆகியும் அவர் அதைத் தொடவே இல்லை. ரவுட்டரின் நிலையைக் காட்டும் ஷோ கமாண்டுகளில் எதைப் போட்டால் டைமர் தெரியும் என்பது அவருக்குத் தெரியவில்லை.

எதை வைத்துப் படித்தீர்கள் என்று கேட்டேன். தயங்கித் தயங்கி, "டம்ப் சார், இன்ஸ்டிட்யூட்லயே குடுத்தாங்க" என்றார். டம்ப் என்றால் அசல் தேர்வுக் கேள்விகள் என்று சொல்லி விடையோடு சுற்றும் தொகுப்பு.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. படிப்பு முடித்து வேலை தேடும் பையனுக்கு முன்னால் வீடியோ, புத்தகம், பிடிஎஃப், டெலிகிராம் குரூப் என்று ஒரு மலையே கிடக்கிறது. அதில் எதை எடுப்பது, எதைத் தள்ளுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் ஒன்றுதான் சொல்வேன்: புத்தகம் வாங்குவதற்கு முன், சிஸ்கோ தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் தேர்வுத் தலைப்புகளின் பட்டியலை இறக்கி அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். சில பக்கங்கள்தான்.

அந்தப் பட்டியலில் எல்லோரும் பெயர்ச்சொற்களைத்தான் பார்க்கிறார்கள். விலான் (சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிப்பது), நாட் (ஐபி முகவரியை மாற்றுவது), ஏசிஎல் (எதை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்ற விதிகள்), ஐபிசெக் (தகவலைப் பூட்டி அனுப்புவது) என்று டிக் அடித்துக்கொண்டே போகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது வரியின் தொடக்கத்தில் இருக்கும் வினைச்சொல்லை. சில வரிகள் 'விவரி' என்கின்றன, சில 'ஒப்பிடு' என்கின்றன, சில 'கான்ஃபிகர் செய்து சரிபார்' என்கின்றன. ஒற்றை ஏரியா ஓஎஸ்பிஎஃப்-க்கு 'கான்ஃபிகர் செய்து சரிபார்' என்று போட்டிருக்கிறது. ஸ்டாடிக் ரவுட்டிங், நாட், ஏசிஎல், டிஹெச்சிபி ஸ்னூப்பிங், போர்ட் செக்யூரிட்டி எல்லாம் இதே வகை. ஆனால் ஒரு ரவுட்டர் விழுந்தால் இன்னொன்று அதன் இடத்தைப் பிடிக்க உதவும் ஹெச்எஸ்ஆர்பி மாதிரியான கேட்வே ரிடண்டன்ஸி புரோட்டோகால்களுக்கு 'விவரி' மட்டும்தான். ஐபிசெக் விபிஎன்-க்கும் அப்படியே. ரவுட்டிங் டேபிளுக்கு 'பொருள் கொள்', அதாவது பார்த்துப் புரிந்துகொள்.

எந்தத் தலைப்புக்கு எந்த மாதிரி மெட்டீரியல் தேவை என்பதை இந்த வினைச்சொல்லே சொல்லிவிடும். 'விவரி' என்றால் புத்தகமோ வீடியோவோ போதும். 'கான்ஃபிகர் செய்' என்றால் கீபோர்டில் கை வைக்காமல் எத்தனை வீடியோ பார்த்தாலும் படித்த கணக்கில் வராது. நான் பார்த்தவரை பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஐபிசெக் கான்ஃபிகரேஷனை இரண்டு வாரம் லேப் செய்வார்கள். ஏசிஎல்-ஐ வீடியோவில் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

கூடவே சதவீதத்தையும் பாருங்கள். ஆறு பகுதிகளில் ஐபி கனெக்டிவிட்டிக்கு மட்டும் 25. அடிப்படைகளுக்கு 20, நெட்வொர்க் ஆக்சஸுக்கு 20, செக்யூரிட்டிக்கு 15. ஐபி சர்வீஸுக்கும் ஆட்டோமேஷனுக்கும் தலா 10. ஆட்டோமேஷன் புதுசாக இருக்கிறதே என்று பயந்து பைத்தான் கோர்ஸில் சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும். பைத்தான் நல்ல விஷயம்தான், ஆனால் இந்தத் தேர்வு உங்களைப் புரோகிராம் எழுதச் சொல்வதில்லை. ஜேசான் என்றால் என்ன, ரெஸ்ட் ஏபிஐ எப்படிப் பேசும் என்று தெரிந்தால் போதும்.

அடுத்தது தேர்வின் எண்ணும் பதிப்பும். இப்போது நடப்பது 200-301. 2020 பிப்ரவரியில் வந்தது. 2024 ஆகஸ்ட் 20 முதல் அதன் 1.1 பதிப்பு. இதற்கு முன் இருந்தது 200-125. அந்தப் பழைய பிடிஎஃப்கள் இன்னும் குரூப்புகளில் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. கண்டுபிடிப்பது சுலபம்: ஈஐஜிஆர்பி என்ற இன்னொரு ரவுட்டிங் புரோட்டோகாலின் கான்ஃபிகரேஷனுக்கு ஒரு முழு அத்தியாயம் இருந்தால் அது பழசு. ஃப்ரேம் ரிலே என்ற பழைய இணைப்புத் தொழில்நுட்பம் இருந்தால் அதைவிடப் பழசு, கொலுவில் வைக்கலாம். 1.1-க்குள்ளும் சின்ன மாற்றங்கள் உண்டு. ஆட்டோமேஷன் கருவிகளில் பப்பெட், செஃப் இரண்டும் போய் டெராஃபார்ம் வந்திருக்கிறது, ஏஐ பற்றி ஒரு வரி சேர்ந்திருக்கிறது. பணம் கட்டும் முன் எண்ணையும் பதிப்பையும் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, எத்தனை மெட்டீரியல்? முதன்மையாக ஒன்று, புரியாத இடத்துக்கு மட்டும் இரண்டாவது. அதற்கு மேல் வேண்டாம். புத்தகம் பிடிக்கும் என்றால் அதிகாரப்பூர்வ வழிகாட்டி இரண்டு தொகுதிகளாக இருக்கிறது. கனமான வாசிப்பு, ஆனால் ஓட்டை இல்லாதது. வீடியோ பிடிக்கும் என்றால் யூடியூபிலேயே முழு சிலபஸையும் முடித்துவைக்கும் இலவசத் தொடர்கள் இருக்கின்றன. வீடியோவில் ஒரு ஆபத்து உண்டு. சொல்லித் தருபவர் சரளமாகச் செய்வதைப் பார்க்கும்போது நமக்கே தெரிந்த மாதிரி இருக்கும். அவர் கமாண்ட் அடிக்கும் முன் வீடியோவை நிறுத்திவிட்டு நீங்கள் அடித்துப் பாருங்கள். கை எங்கே நிற்கிறதோ, அங்கேதான் உங்கள் பாடம் தொடங்குகிறது.

தமிழ் வீடியோக்கள் பற்றிக் கேட்பார்கள். தாராளமாகப் பாருங்கள். சுவிட்சுகளுக்கு நடுவே லூப் வராமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயைத் தமிழில் கேட்டு ஒரே நாளில் புரிந்துகொண்டவர்கள் என் டீமிலேயே இருக்கிறார்கள். ஆனால் கேள்வித்தாள் ஆங்கிலத்தில்தான் வரும். ஒரு கேள்வியில் 'எது இல்லை' என்பதைக் கவனிக்காமல் விட்டாலே போச்சு. அதனால் பயிற்சிக் கேள்விகளை மட்டுமாவது ஆங்கிலத்திலேயே செய்யுங்கள். சிஸ்கோ தேர்வில் ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போய்ப் பார்க்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

லேபுக்குச் செலவே வேண்டாம். சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் தொடங்கினால் பாக்கெட் டிரேசர் இலவசம். இந்தத் தேர்வின் பெரும்பகுதிக்கு அது தாங்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்ட் சுவிட்ச் வாங்கலாமா என்று ஆசைப்படுபவர்களை நான் தடுப்பதில்லை. நீலக் கன்சோல் கேபிளைச் செருகி முதல்முறை உள்ளே போகும் சந்தோஷமே தனி. (ஃபேன் சத்தத்துக்கு வீட்டில் திட்டு விழும், அதற்கு நான் பொறுப்பில்லை.) ஆனால் பாஸ் ஆக அது தேவையில்லை. லேபில் முக்கியமானது வேறு. வேலை செய்கிற நெட்வொர்க்கை அமைத்தபின் அதை நீங்களே கெடுங்கள். மாஸ்கை மாற்றுங்கள், பல விலான்களைச் சுமக்கும் டிரங்க் இணைப்பிலிருந்து ஒரு விலானை நீக்குங்கள், நண்பனை விட்டு எதையாவது கெடுக்கச் சொல்லுங்கள். பிறகு ஷோ கமாண்டை மட்டும் வைத்துக் கண்டுபிடியுங்கள்.

சப்நெட்டிங்குக்கு, அதாவது நெட்வொர்க்கைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் கணக்குக்கு, தனியாக மெட்டீரியலே வேண்டாம், ஒரு நோட்டும் பேனாவும் போதும். 192.168.10.77/27 எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது? /27 என்றால் ஒரு துண்டுக்கு 32 முகவரிகள்; 32, 32 ஆகத் தாவினால் 64-க்கும் 96-க்கும் நடுவே விழுகிறது. ஆகவே நெட்வொர்க் 64, பிராட்காஸ்ட் 95, நடுவில் 30 ஹோஸ்ட்கள். தினமும் காலையில் இப்படிப் பத்துக் கணக்கு. தேர்வில் கால்குலேட்டர் கிடையாது.

இனி டம்ப். பயிற்சித் தேர்வும் டம்பும் ஒன்றல்ல. நல்ல பயிற்சித் தேர்வு, சரியான விடை ஏன் சரி என்பதோடு மற்ற மூன்றும் ஏன் தப்பு என்பதையும் சொல்லும். டம்பில் கேள்வியும் ஓர் எழுத்தும்தான் இருக்கும், 'அசல் கேள்விகள், நூறு சதவீதம் பாஸ்' என்ற விளம்பரத்தோடு. அந்த எழுத்தே பல இடங்களில் தப்பாக இருக்கும். தேர்வு எழுதும் முன் நீங்கள் ஒப்புக்கொள்ளும் ரகசிய ஒப்பந்தத்தை மீறுவதும் அதுதான். பிடிபட்டால் சான்றிதழை ரத்து செய்து தடையும் போட முடியும். தேர்வுக் கட்டணம் 300 டாலர், வரி தனி. நம் பணத்தில் 30,000 ரூபாய் அளவுக்கு வரும். சான்றிதழ் மூன்று வருடம்தான் செல்லும். அவ்வளவு செலவழித்து வாங்கிய காகிதம் முதல் இன்டர்வியூவில் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை என்றால் வயிறு எரியாதா?

அந்தத் தம்பியை எடுக்க முடியவில்லை. கிளம்பும்போது சிலபஸ் விஷயத்தைச் சொல்லி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து வாட்ஸப்பில் ஒரு போட்டோ வந்தது: அச்சடித்த பட்டியல், 'கான்ஃபிகர்' என்று வரும் இடமெல்லாம் சிவப்பு வட்டம். கீழே ஒரு கேள்வி: "சார், ஹெச்எஸ்ஆர்பி வட்டத்துல வரல. லேப் பண்ணணுமா?"

இப்போதைக்குப் படித்தால் போதும், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அதைக் கையால் செய்ய வேண்டியிருக்கும் என்று பதில் போட்டேன்.