லாரி என்றைக்குக் கிளம்பும்? கார் அனுப்புமுன் கேளுங்கள்

காரை வெளிமாநிலத்துக்கு லாரியில் அனுப்புகிறவர்கள் முதலில் கேட்பது, "என்னைக்கு வந்து எடுப்பீங்க?" அதைவிட முக்கியமான கேள்வி, "லாரி என்னைக்குக் கிளம்பும்?"

சென்னை - டெல்லி சுமார் 2,200 கி.மீ. மூடிய கேரியரில் இரண்டு அடுக்காக 6 முதல் 8 கார் வரை ஏற்றுவார்கள். லோடு சேராமல் வண்டி நகராது. திங்களன்றே எடுத்துப்போன கார், வெள்ளி வரை யார்டிலேயே நிற்கலாம். ஓட்டத்துக்கு ஒரு வாரம், காத்திருப்புக்கு ஒரு வாரம். தாமதமானாலும் சமாளிக்க இன்னொரு வாரம் சேர்த்து, கார் கைக்கு வர வேண்டிய தேதிக்கு மூன்று வாரம் முன்பே புக் செய்யுங்கள். பணிமாற்றங்கள் குவியும் மே, ஜூனில் இன்னும் முன்னதாக. குளிர்காலத்தில் டெல்லிப் பக்கம் பனிமூட்டம்; காற்று மாசு முற்றி 4ஆம் நிலைக் கட்டுப்பாடு வந்தால் பழைய டீசல் லாரிகளை நகருக்குள் விடமாட்டார்கள். கேரியர் பி.எஸ். 6 (புதிய புகை விதிப்படி தயாரான) வண்டிதானா என்று கேட்டுவிடுங்கள்.

நிறையப் பேர் ஏமாறுவது இன்ஷூரன்ஸில். பில்லில் 'எஃப்.ஓ.வி.' என்று இருப்பது இன்ஷூரன்ஸ் அல்ல. லாரிக்காரர் பொறுப்பேற்க வாங்கும் கட்டணம். டிரான்சிட் இன்ஷூரன்ஸ், அதாவது வழியில் நேரும் சேதத்துக்கான காப்பீடு என்றால் பாலிசி எண்ணும் உங்கள் கார் எண்ணும் உள்ள சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். உங்களுடைய காம்ப்ரிஹென்சிவ் பாலிசியிலேயே சாலை, ரயில் வழியாகக் கொண்டுபோகும்போது நேரும் சேதம் அடங்கும். தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தால் கிடையாது. கார் போய்ச் சேருமுன் பாலிசி முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்படைக்குமுன் காரைக் கழுவி, பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். முன் பம்பரின் அடிப்பக்கத்தைக் குனிந்து எடுங்கள். சாய்தளத்தில் ஏற்றும்போது முதலில் உரசுவது அதுதான். ஓடோமீட்டரையும் எடுங்கள். நீளமான கேரியர் தெருவுக்குள் வராது, டிரைவர்தான் உங்கள் காரை யார்டுக்கு ஓட்டிப்போவார். யார்டு எத்தனை கி.மீ. என்று முன்பே கேட்டிருந்தால், கூடுதல் ஓட்டம் டெலிவரியில் தெரிந்துவிடும். கால் டேங்க் எரிபொருள் போதும். காருக்குள் பாத்திரம், துணி வைக்காதீர்கள். தொலைந்தால் கார் இன்ஷூரன்ஸில் கிடைக்காது.

டெலிவரியில் கையெழுத்துக்கு அவசரப்படுத்துவார்கள். கீறல் இருந்தால் அந்த ரசீதிலேயே எழுதி, பிறகு கையெழுத்திடுங்கள்.

12 மாதத்துக்கு மேல் அங்கேயே ஓட்டுவதானால் காரை அங்கு மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குப் படிவம் 28இல் இங்குள்ள ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) தேவை. கார் கடன் பாக்கியிருந்தால் வங்கியின் சம்மதக் கடிதமும் வேண்டும். அந்தக் கடிதத்துக்கு, லாரி புக் செய்யும் அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.