அல்சூரில் தமிழ் எப்படித் தங்கியது?

வேலை கிடைத்துப் பெங்களூரு போன வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அல்சூரில் டீக்கடைக்காரரும் தமிழ், பூக்காரம்மாவும் தமிழ். பசவனகுடிக்குப் போனால் கன்னடம்தான் காதில் விழுகிறது. இப்படி யார் பிரித்து வைத்தது?"

முதலில் தலைக்கணக்கு. பெங்களூரு நகர மாவட்டத்தில் 2001இல் 65 லட்சம் பேர், 2011இல் 96 லட்சம். பத்தே வருடத்தில் 47 சதவீதம்! கர்நாடகம் முழுவதும் பார்த்தால் 15.6 சதவீதம்தான். பிள்ளைப்பேறு மட்டும் இவ்வளவு வித்தியாசம் காட்டாது; பெரும்பகுதி வந்து குடியேறியவர்கள். கன்னடத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் அங்கே பாதிக்கும் குறைவு. தமிழ் சொன்னவர்கள் நூற்றுக்குச் சுமார் 15 பேர்.

அல்சூரில் இன்று கேட்கும் தமிழின் கதை 1809இல் தொடங்குகிறது. பிரிட்டிஷார் அங்கே கண்டோன்மென்ட், அதாவது படைக் குடியிருப்பு, அமைத்தபோது மதராஸ் படையோடு தமிழ்ச் சிப்பாய்களும் வியாபாரிகளும் கூலியாட்களும் வந்தார்கள். பழைய நகரமும் கண்டோன்மென்டும் 1949இல்தான் ஒரே மாநகராட்சி ஆயின. சரி, எல்லை அழிந்து இத்தனை காலம் ஆயிற்றே, திட்டுகள் ஏன் கரையவில்லை?

அமெரிக்கப் பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1971இல் இதற்கு ஒரு விளையாட்டைச் சொன்னார். சென்ற ஞாயிறு நானும் என் மகளும் அதை ஆடிப் பார்த்தோம். கூடத்தில் சாக்பீஸால் எட்டுக்கு எட்டு கட்டம். 25 புளியங்கொட்டை, 25 சோழி, கலந்து இறைத்தோம். மீதி 14 கட்டம் காலி. விதி ஒன்றுதான்: மூலைக் கட்டங்களும் சேர்த்துத் தன்னைச் சுற்றி இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்கு தன் ஆளாக இருந்தால் போதும், இருந்த இடத்தில் இருக்கலாம். அதற்கும் குறைந்தால் தோதான காலிக் கட்டத்துக்கு மாற வேண்டும். யாருக்கும் யார் மேலும் வெறுப்பில்லை.

ஓரத்தில் ஒரு கொட்டை. பக்கத்தில் நான்கு சோழி, ஒரே ஒரு கொட்டை. ஐந்தில் ஒன்று போதாது, எடுத்து வேறு இடத்தில் வைத்தோம். இனிதான் அழகு. பக்கத்தில் இருந்த அந்த இன்னொரு கொட்டைக்கு அதுவரை ஆறு அண்டை வீட்டில் இரண்டு சொந்தம், நிம்மதியாக இருந்தது. இப்போது ஐந்தில் ஒன்று. அதுவும் கிளம்பியது. முதல் கொட்டை போய் இறங்கிய இடத்தில் ஒரு சோழிக்கு ஆறில் இரண்டு சொந்தம் இருந்தது; புதிதாக வந்த கொட்டையால் ஏழில் இரண்டாகிவிட்டது. அதுவும் கிளம்பியது! ஒருவர் நகர்ந்தால் விட்ட இடமும் தொட்ட இடமும் சேர்ந்து ஆடுகின்றன. அரைமணியில் தரையெங்கும் திட்டுத்திட்டாக ஆனதை மகள் வாய்பிளந்து பார்த்தாள். கணினியில் பெரிய கட்டத்தில் ஓட்டினால், ஒவ்வொருவரும் 30 சதவீதம் கேட்டதற்கு 70 சதவீதம் வரை ஒரே இனமாகச் சேர்ந்துவிடுகிறார்கள்.

நிஜ ஊரில் வாடகையும், சாதி கேட்டு வீடு மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த அநியாயத்தை இந்த விளையாட்டு மறைத்துவிடக் கூடாது. ஆனால் ஓர் ஊர் தனித்தனியாகப் பிரிந்து கிடப்பதைப் பார்த்ததும் "அவங்க நம்மோடு சேரவே மாட்டாங்க" என்று முடிவு கட்டுபவர்கள் ஒருமுறை கொட்டையும் சோழியும் எடுத்து உட்கார வேண்டும்.

2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளிப்போயிருக்கிறது. இவ்வளவு வேகமாக வளரும் ஊருக்கு 2011 கணக்கை வைத்துக்கொண்டு தண்ணீரும் பள்ளிக்கூடமும் திட்டமிடுவது எனக்கு வேதனையாக இருக்கிறது. இந்த முறையாவது தாய்மொழிக் கணக்கை வார்டு வாரியாக, ஆய்வு மாணவர்கள் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கும்படி வெளியிட வேண்டும்.