வைக்கோலின் மேல் யூரியா வீசாதீர்கள்

சம்பா அறுவடை முடிந்தால் போதும், "வைக்கோல் போட்டேன், பயிர் மஞ்சளாகிடுச்சு சார்" என்று போன் வராத வாரம் கிடையாது. கடைசியாகப் போய்ப் பார்த்தது தஞ்சாவூர் பக்கம் ஒரு கத்தரித் தோட்டம். ஒரு பக்கம் வைக்கோலை ரோட்டவேட்டர் விட்டு மண்ணோடு கலந்து, அதே வாரத்தில் நாற்று நட்டிருந்தார்கள். அங்கே அடியிலைகள் வெளுத்துக் கிடந்தன. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரைச் சுற்றி மக்காத வைக்கோல் புதுசு மாதிரியே இருக்கிறது. இன்னொரு பக்கம் வைக்கோலை மூடாக்காக மேலே பரப்பியிருந்தார்கள். அந்தச் செடிகள் பச்சையாகத்தான் நின்றன. ஆனால் அதை யாரும் கவனிக்கவில்லை. "வைக்கோல் உரத்தையெல்லாம் குடிச்சிடுது, இனிமே கொளுத்திட வேண்டியதுதான்" என்று தோட்டக்காரர் முடிவே கட்டிவிட்டார்.

வைக்கோல் எதையும் குடிப்பதில்லை, ஐயா. அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள்தான் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, எடுத்துக்கொள்கின்றன. நெல் வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு அறுபது முதல் எண்பது பங்கு வரை கரிமம் இருக்கும். நுண்ணுயிர் நன்றாகப் பெருக இருபத்தைந்துக்கு ஒன்று என்ற அளவில் வேண்டும். இலையில் சோறு மலையாகக் கிடந்து குழம்பு ஒரு கரண்டிதான் என்றால், பக்கத்து இலைக் குழம்பில் கை வைப்போமே, அதுதான் நடக்கிறது. பக்கத்து இலை உங்கள் கத்தரிச் செடியுடையது. அந்தத் தழைச்சத்து எங்கேயும் ஓடிவிடவில்லை. நுண்ணுயிர்கள் செத்து மக்கும்போது மண்ணுக்கே திரும்பி வரும். ஆனால் நட்ட முதல் சில வாரங்களில் நாற்றுக்குப் பசி.

இவ்வளவும் வைக்கோலை மண்ணுக்குள் கலந்தால்தான். மேலே பரப்பினால் மண்ணைத் தொடுவது அடியில் இருக்கும் ஒரு மெல்லிய அடுக்கு மட்டுமே. வேர் அதற்குக் கீழே இருக்கிறது. அதனால் மூடாக்கால் பயிர் மஞ்சளாகிறது என்ற பயத்தை விட்டுவிடுங்கள். மஞ்சளானால் முதலில் எந்த இலை என்று பாருங்கள். அடியிலை முதலில் வெளுத்தால் தழைச்சத்துக் குறை. கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்து விஷயம். இதைப் பார்க்காமல் கடையில் கொடுக்கும் டானிக்கை அடித்துக்கொண்டே போவது காசுக்குப் பிடித்த கேடு.

சரி, யூரியாவுக்கு வருவோம். மேற்படி தோட்டத்தில் மூடாக்கின் மேலேயே கையால் வீசியிருந்தார்கள். வைக்கோலில் யூரியாவைச் சிதைக்கும் நொதி, வெறும் மண்ணில் இருப்பதைவிட அதிகம். ஈரம் பட்டதும் யூரியா அமோனியாவாக மாறி, பிடித்து வைக்க மண் இல்லாமல் காற்றோடு போய்விடும். வெயில் ஏறும் நேரத்தில் அந்த நெடி மூக்கில் ஏறினால், போவது உங்கள் காசு. வேப்பெண்ணெய் பூசிய யூரியாதானே என்று கேட்பார்கள். அந்தப் பூச்சு வேறு வேலைக்கு. இந்த இழப்பை அது தடுக்காது. வைக்கோலை விலக்கி, செடியிலிருந்து நாலு விரல் தள்ளி மண்ணில் வையுங்கள். மண்ணை மூடி, வைக்கோலை இழுத்துவிட்டு, உடனே தண்ணீர் கட்டுங்கள். ஆள் கூலி கூடும், தெரியும். வீசிய யூரியாவும் காசு கொடுத்து வாங்கியதுதானே.

மடக்கி உழுதே ஆகவேண்டும் என்றால் அவசரப்படாதீர்கள். நெல் வயலில் அறுவடைத் தாளை, அதாவது அறுத்தபின் நிற்கும் அடிக்கட்டையை, மட்டும் மடக்கும்போது, நடவுக்குப் பத்து நாளாவது முன்னால், ஹெக்டேருக்கு 22 கிலோ யூரியா கூடுதலாகப் போடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. ஏக்கருக்கு ஒன்பது கிலோ வரும். முழு வைக்கோலையும் மடக்கினால் அது போதாது, காத்திருக்கும் நாளும் கூடவேண்டும். ஏற்கெனவே மஞ்சளாகிவிட்டதா? லிட்டருக்கு பத்து கிராம் யூரியா கரைத்துச் சாயங்காலம் இலையில் தெளியுங்கள். ஒரு மூட்டையை ஒரே நாளில் கொட்டித் தீர்க்காதீர்கள். அப்படிக் கொட்டினால் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கு விருந்து வைத்தது போலத்தான்.

கொளுத்துவதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாமே. ஒரு டன் வைக்கோலில் ஐந்து முதல் எட்டு கிலோ தழைச்சத்து இருக்கிறது. கொளுத்தினால் ஏறக்குறைய எல்லாமே புகையாகப் போய்விடும். வைக்கோலில் பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாமல் சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) இருக்கிறது. மூடாக்காகப் போட்டால் தண்ணீர் படப்பட அது தானாக மண்ணில் இறங்கும்.

மூடாக்கு இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் வேண்டாம். தண்டை ஒட்டிப் போடாதீர்கள், ஈரம் தேங்கித் தண்டு அழுகும். நெல்மணி உதிராத வைக்கோலைப் போட்டால் தோட்டம் முழுக்க நெல் முளைக்கும், எலியும் வரும். செம்மண் காரர்கள் கறையான் ஏறுகிறதா என்று வாரம் ஒருமுறை வைக்கோலைத் தூக்கிப் பாருங்கள்.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? நாலு வரிசைக்கு மட்டும் மூடாக்குப் போட்டு, பக்கத்து நாலு வரிசையை வெறுமனே விடுங்கள். தண்ணீர் கட்டிய நாலாம் நாள் மத்தியானம் இரண்டு இடத்திலும் விரலால் மண்ணைக் கிளறி ஈரம் பார்த்துவிட்டு, அப்புறம் எனக்குப் போன் செய்யுங்கள்.