பாஸ்டீஷ்: போலியா, வழியா?

பவர் பாப் என்பது 1960-களின் பீட்டில்ஸ் போன்ற குழுக்களின் வழியில் வந்த, இனிய மெட்டும் கிதாரும் முன்நிற்கும் ராக் இசை. அதைப் பற்றிப் பேச்சு வந்தால் பாஸ்டீஷ் என்ற சொல்லும் கூடவே வந்துவிடும். புதுக் குழு ஒன்றின் பாட்டு 1965-ஐ நினைவூட்டினால் போதும், 'வெறும் பாஸ்டீஷ்' என்று ஒதுக்கிவிடுவார்கள். நாமோ அதைவிடச் சுருக்கமாக 'காப்பி' என்றுவிடுகிறோம். இரண்டும் வேறு வேறு.

சொல் பிறந்த இடம் சமையலறை. இத்தாலியில் பாஸ்திச்சோ என்றால் இறைச்சியும் பிறவும் கலந்து மாவுக்குள் வைத்துச் சுடும் பண்டம். 18-ஆம் நூற்றாண்டில் பலருடைய பாடல்களைக் கோத்துச் செய்த ஓபராவுக்கும் அந்தப் பெயர் வந்தது. பெரிய ஓவியரின் பாணியில் வேறொருவர் தீட்டிய படத்துக்கும் வந்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'இன்னொருவர் பாணியில் செய்தது' என்ற பொருளில் நிலைத்தது. மெட்டையே எடுத்தால் அது காப்பி. மூலத்தில் ஒட்டியிருந்த செத்த ஈயையும் விடாமல் எடுத்தால் ஈயடிச்சான் காப்பி. பாஸ்டீஷ் எடுத்துக்கொள்வது பாணியை மட்டும்தான்.

தமிழில் இதைப் பாணிப் போலி என்று சொல்லலாம். போலி மருத்துவர், போலி நகை என்று கேட்டுக் கேட்டு அந்தச் சொல் நமக்குக் கசந்துவிட்டது. ஆனால் இலக்கணத்தில் பந்தல் 'பந்தர்' ஆவதும் போலிதான். எழுத்து மாறியும் பொருள் மாறுவதில்லை, அதில் குற்றம் எதுவும் இல்லை. 1980-ல் யுடோப்பியா குழு ஒரு முழு ஆல்பத்தையே பீட்டில்ஸ் பாணியில் செய்து 'டிஃபேஸ் த மியூசிக்' என்று வெளியிட்டது. பாணிப் போலிக்கு அதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

தி நாக் குழுவின் 1979 ஆல்பத்தில் விஷயம் கொஞ்சம் சிக்கல். கறுப்பு வெள்ளை அட்டைப்படம் பீட்டில்ஸை அப்படியே நினைவூட்டியது, பலருக்குக் கோபம் வந்தது. சரி, அட்டை பாணிப் போலிதான். ஆனால் ஆறு வாரம் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்த அவர்களின் 'மை ஷரோனா'வைக் கேளுங்கள். அந்தத் தடதடப்பு பீட்டில்ஸிடம் இல்லாதது. அட்டையைப் பார்த்துப் பாட்டுக்கும் தீர்ப்பு எழுதியது அநியாயம்.

இப்படிப்பட்ட பாட்டுக்கு வேறொரு சொல் வேண்டும். அது நன்னூலிலேயே இருக்கிறது. முன்னோர் நூலோடு ஒத்து, 'பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி' வருவது வழிநூல். விகற்பம் என்றால் வேறுபாடு. அந்த வேறுபாடு இருந்தால் அது வழிப்பாட்டு.

ஓர் எடுத்துக்காட்டு. 1964-ல் பீட்டில்ஸ் நடித்த படத்தில் ஜார்ஜ் ஹாரிசன் கையில் ரிக்கன்பேக்கர் கிதார் ஒன்று இருந்தது. அதன் தலைப்பகுதியில் ஆறு திருகுகள் பக்கவாட்டில், இன்னும் ஆறு பின்பக்கம் நீட்டிக்கொண்டு, ஆக 12 தந்திகள். அதைத் திரையில் பார்த்த அமெரிக்க இசைக்கலைஞர் ரோஜர் மெக்வின் தானும் அப்படியொரு கிதார் வாங்கினார். ஸ்டுடியோவில் கம்ப்ரெசர் என்ற, ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கருவி வழியாகப் பதிந்தபோது ஒவ்வொரு ஸ்வரமும் சட்டென்று அடங்காமல் நீண்டு ஒலித்தது. 1965-ல் புகழ்பெற்ற அவருடைய தி பேர்ட்ஸ் குழுவின் முத்திரையே அந்த ஒலிதான், அப்புறம் வந்த பவர் பாப் குழுக்கள் பலவும் தேடிப் போனதும் அதைத்தான்.

அதே ஆண்டு டிசம்பரில் வெளியான பீட்டில்ஸ் ஆல்பத்தில் 'இஃப் ஐ நீடட் சம்வன்' என்று ஹாரிசனின் பாட்டு ஒன்று இருக்கிறது. அதன் கிதார் வரி பேர்ட்ஸின் பாட்டு ஒன்றிலிருந்து பிறந்தது என்பதை ஹாரிசனே ஒப்புக்கொண்டார். மூலத்தைச் செய்தவரே, அதன் வழியில் வந்ததைக் கேட்டுச் செய்த வழிப்பாட்டு அது.