நெறி கட்டியிருக்கிறதா? கட்டியை அமுக்கும் முன் காரணத்தைத் தேடுங்கள்

காலில் முள் குத்திப் பழுத்த இரண்டொரு நாளில் தொடை இடுக்கில் ஒரு கட்டி வலியோடு தட்டுப்படும். பல் சொத்தையாகிச் சீழ் பிடித்தால் தாடைக்குக் கீழே. தலையைச் சொறிந்து புண்ணாகியிருந்தால் காதுக்குப் பின்னால். 'நெறி கட்டியிருக்கு' என்று சொல்லும் பெரியவர்கள், அடுத்து புண் எங்கே என்றுதான் தேடுவார்கள். மருத்துவரும் முதலில் செய்வது அதையே. ஆனால் இன்று பலர் கட்டி கையில் பட்டதும் புற்றுநோய் பற்றிப் படித்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். இல்லையென்றால் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கிவிடுகிறார்கள். அந்தக் கட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்த இரண்டுக்கும் அநேகமாக வேலை இருக்காது.

மயிரிழை போன்ற நுண்ணிய இரத்தக் குழாய்களான தந்துகிகளில் இரத்தம் ஓடும்போது அதிலுள்ள நீர் கொஞ்சம் கொஞ்சமாகத் திசுக்களுக்குள் கசிகிறது. கசிந்தது முழுவதும் நேராக இரத்தத்துக்குத் திரும்புவதில்லை. நாளொன்றுக்கு 2 முதல் 4 லிட்டர் வரை வேறு வழியாகத்தான் திரும்புகிறது. அதோடு கசிந்த புரதம், செத்த செல்களின் துணுக்குகள், தோலில் கீறல் விழுந்திருந்தால் அதன் வழியே நுழைந்த கிருமிகள் எல்லாம் சேர்ந்துகொள்ளும். இந்த நீர்தான் நிணநீர். இதை வாங்கிக்கொள்ளும் நுண்ணிய நாளங்கள் ஒரு முனையில் மூடியவை. அவற்றின் சுவர் செல்கள் ஓரங்களில் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். வெளியிலிருந்து உள்ளே தள்ளினால் திறக்கும், உள்ளிருந்து தள்ளினால் மூடிக்கொள்ளும். இரத்தத் தந்துகிக்குள் புக முடியாத பெரிய புரதமும் பாக்டீரியாவும்கூட இதற்குள் சுலபமாகப் போய்விடும். கிருமி பரவ இது வசதியான வழியாயிற்றே என்று தோன்றலாம். உண்மைதான். அதனால்தான் இந்த வழி நெடுக நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகளான கணுக்கள் இருக்கின்றன. நெறி கட்டுவது என்பது இந்தக் கணு வீங்குவதுதான்.

நிணநீரைத் தள்ள இதயம் போல ஓர் உறுப்பு கிடையாது. பெரிய நாளங்களின் சுவரிலுள்ள தசை தானே சுருங்கி விரியும். வால்வுகள் நீரைப் பின்னால் விடாது. மீதி வேலையை நடக்கும்போது கெண்டைக்கால் தசையும், மூச்சு இழுக்கும்போது மார்பும் செய்கின்றன. கால்களின் நிணநீர், வயிற்றின் நிணநீர், உடலின் இடது மேற்பாதியின் நிணநீர் எல்லாம் சுமார் 40 செ.மீ. நீளமுள்ள மார்பு நாளத்தில் சேர்ந்து, இடது காறை எலும்புக்குப் பின்னால் பெரிய சிரையில் கலக்கின்றன. வலது கை, தலையின் வலப்பாதி, மார்பின் வலப்பக்கம் ஆகியவற்றுக்கு மட்டும் வலப்புறம் ஒரு குட்டி நாளம். இந்த இட அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கணுவுக்குள் நடப்பது

உடலில் ஏறத்தாழ 500 முதல் 600 நிணநீர்க் கணுக்கள் உண்டு. எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும். பெரும்பாலானவை சில மி.மீ. அளவே. ஒவ்வொன்றுக்குள்ளும் பல நாளங்கள் நிணநீரைக் கொண்டுவருகின்றன. வெளியே போவது ஒன்றோ இரண்டோதான். உள்ளே வந்ததும் ஓரத்திலேயே காத்திருக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் கிருமிகளைப் பிடித்து விழுங்கத் தொடங்கும்.

முக்கியமான வேலை அதற்கும் உள்ளே நடக்கிறது. புண் இருக்கும் இடத்தில் கிருமியை விழுங்கிய டென்ட்ரிட்டிக் செல்கள், அதன் புரதத் துண்டுகளைச் சுமந்துகொண்டு ஒரு நாள் அளவில் கணுவுக்கு வந்து சேரும். ஒரு குறிப்பிட்ட துண்டை அடையாளம் காணக்கூடிய டி செல் (ஒருவகை வெள்ளணு), லட்சத்தில் ஒன்று, சில சமயம் பத்து லட்சத்தில் ஒன்றுதான் இருக்கும். அது உடல் முழுக்க அலைந்து கிருமியைத் தேடுவது நடக்காத காரியம். அதனால் டி செல்கள் கணுவுக்குக் கணு மாறி, ஒவ்வொன்றிலும் அரை நாளோ ஒரு நாளோ தங்கி, அங்கு வந்திருக்கும் துண்டுகளைச் சரிபார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கின்றன. பொருந்தியது கிடைத்துவிட்டால் பயணம் நின்று பெருக்கம் தொடங்கும். நான்கைந்து நாளில் ஒரு செல் ஆயிரக்கணக்கில் பெருகிவிடும். பக்கத்திலேயே இன்னொரு வகை வெள்ளணுக்களான பி செல்கள், கிருமியைப் பற்றும் புரதமான எதிர்ப்பொருளைத் தயாரிக்க ஆயத்தமாகும். முதலில் வருவது ஐஜிஎம் வகை, ஏறக்குறைய ஒரு வாரத்தில். அதைவிட இறுக்கமாகக் கிருமியைப் பற்றும் ஐஜிஜி போதிய அளவில் வர 10 முதல் 14 நாள் ஆகும்.

புதிதாக வரும் வைரஸ் காய்ச்சல் ஒரு வாரம் படுத்துவதற்குக் காரணம் இந்தக் காலக்கணக்குதான். அதுவரை தாக்குப்பிடிப்பது தோல், சளிச்சவ்வு, இரைப்பை அமிலம், நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் போன்ற முதல்வரிசைக் காவல். (சீழ் என்று பார்க்கிறோமே, அதில் பெரும்பங்கு செத்த நியூட்ரோஃபில்கள்.) அதே கிருமி மறுபடி வந்தால் நினைவுச் செல்கள் ஏற்கெனவே தயாராக இருப்பதால் இரண்டு மூன்று நாளிலேயே வேகம் எடுக்கும். தடுப்பூசி செய்வதும் இதைத்தான்: நோய் வராமலே அந்த நினைவை உண்டாக்குகிறது. எதிர்ப்புச் சக்தியை 'ஏற்றிவிடும்' என்று விற்கப்படும் பொடிகளும் சிரப்புகளும் இந்த வரிசையில் எந்த இடத்தில், எதை மாற்றுகின்றன என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். தவிர, எதிர்ப்பு கண்டபடி ஏறுவது நல்லதும் அல்ல. ஒவ்வாமையும் முடக்குவாதமும் அப்படித் தடம்மாறிய எதிர்ப்பினால் வருபவைதாம்.

இனி வீக்கத்துக்கு வருவோம். போர் தொடங்கியதும் கணுவுக்கு இரத்த ஓட்டம் கூடும், உள்ளே வரும் செல்கள் அதிகமாகும், வெளியேறும் வழி சில நாள் அடைபடும், உள்ளே செல்கள் பெருகும். கணுவின் உறை திடீரென்று இழுபடுவதால் வலிக்கும். மெதுவாகப் பல வாரங்களில் வளரும் கட்டியில் உறை மெல்ல இடம்கொடுப்பதால் பெரும்பாலும் வலி இருக்காது. வலிக்கும் கட்டியைப் பார்த்துப் பதறுவதும் 'வலிதான் இல்லையே' என்று மற்றதை விட்டுவைப்பதும் வழக்கம். பல நேரங்களில் மாற்றிச் செய்யவேண்டிய காரியம் இது.

எங்கே கட்டினால் எதைப் பார்ப்பது

பின்தலையிலும் காதுக்குப் பின்னாலும் கட்டினால் தலைத்தோலைப் பிரித்துப் பாருங்கள்: பேன், பொடுகுப் புண், பூஞ்சைப் படை. ரூபெல்லா அம்மையிலும் இங்கே கட்டும். தாடைக்குக் கீழே என்றால் பல், ஈறு, வாய்ப்புண். தாடைக் கோணத்துக்குச் சற்றுக் கீழே என்றால் டான்சில். அக்குளில் என்றால் கையில் வெட்டு, நகச்சுற்று, சவரம் செய்த காயம். பெண்களுக்கு மார்பகத்தையும் கட்டாயம் பார்க்க வேண்டும். கையில் தடுப்பூசி போட்ட பிறகு அதே பக்க அக்குளில் கணு வீங்கிச் சில வாரம் இருக்கலாம். அந்தச் சமயத்தில் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுப்பதாக இருந்தால் ஊசி போட்ட தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தேவையில்லாமல் திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி மிச்சமாகும்.

தொடை இடுக்கில் கட்டினால் கால்விரல் இடுக்கிலிருந்து தொடங்குங்கள். சேற்றுப்புண் இருக்கிறதா, குதிகால் வெடித்திருக்கிறதா என்று பார்த்து, பிறகு பிட்டம், ஆசனவாய், பிறப்புறுப்பு என்று வாருங்கள். கூச்சத்தால் இந்தக் கடைசி மூன்றையும் மருத்துவரிடம் சொல்லாமல் விடுகிறவர்கள் அதிகம். பால்வினை நோய்கள் அப்படித்தான் தவறிப்போகின்றன. விரையின் நிணநீர் மட்டும் இங்கே வருவதில்லை. அது வயிற்றுக்குள் ஆழத்திலுள்ள கணுக்களுக்குப் போகிறது. ஆகவே 'இடுக்கில் நெறி இல்லை, விரையில் இருக்கும் கட்டி சாதாரணம்' என்று கணக்குப் போடாதீர்கள்.

காறை எலும்புக்கு மேலே உள்ள குழி தனி ரகம். அங்கே எந்த அளவில் கட்டி தட்டுப்பட்டாலும், அது பட்டாணி அளவே ஆனாலும், காத்திருக்கக் கூடாது. வயிற்றின் நிணநீர் மார்பு நாளம் ஏறி இடது காறை எலும்பருகே வந்து சேர்வதால், இரைப்பை போன்ற உறுப்புகளில் வந்த புற்றுநோய் சில சமயம் முதலில் இந்த இடத்தில்தான் வெளிப்படும். 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் குறித்துவைத்த ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோவின் பெயரில்தான் இடப்பக்கக் கணு இன்றும் அழைக்கப்படுகிறது.

தொட்டுப் பார்க்கும் முறை

நகநுனியால் குத்தாமல் மூன்று விரல்களின் சதைப்பகுதியால் மெல்ல வட்டமாக உருட்டிப் பாருங்கள். நான்கு விஷயங்களைக் குறித்துக்கொண்டால் போதும்: அளவு, வலி, நகருமா, பதம் எப்படி. ஸ்கேலை வைத்து அளந்து, தேதியோடு எழுதுங்கள். பிறகு ஒரு வாரம் கழித்துத்தான் தொட வேண்டும். தினமும் பத்துத் தடவை அமுக்கிப் பார்ப்பதாலேயே வலி ஆறாமல் நிற்கும் கட்டிகள் ஏராளம். வலிக்கு வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கலாம், அழுத்தி உருவிவிடக் கூடாது.

பெரியவர்களுக்குக் கழுத்திலும் அக்குளிலும் 1 செ.மீ. வரை இயல்பு. தொடை இடுக்கில் 1.5 செ.மீ. வரைகூட நோயில்லாமலே இருக்கும். முழங்கைக்கு உட்புறத்தில் அரை செ.மீ. தாண்டினாலே காரணம் தேட வேண்டும். சிறுவர்களுக்கு அடிக்கடி சளி பிடிப்பதால் கழுத்தில் சின்னச்சின்னக் கணுக்கள் தட்டுப்படுவது சாதாரணம். பிள்ளை நன்றாக விளையாடிச் சாப்பிட்டு எடையும் கூடினால் பயம் வேண்டாம்.

காரணம் தெரிந்து, ஒரே இடத்தில், மெத்தென்று, நகரும்படி இருந்தால் மூன்று நான்கு வாரம் பொறுக்கலாம். புண் ஆறிய பிறகும் கணு சுருங்கச் சில வாரம் எடுக்கும். ஆனால் கட்டி 2 செ.மீ. தாண்டி வளர்ந்துகொண்டே போனால், கல்போல் கெட்டியாகி அடியோடு ஒட்டி நகராமல் நின்றால், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வந்தால், நான்கு வாரத்துக்குப் பிறகும் குறையாவிட்டால் பரிசோதனை வேண்டும். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் விட்டுவிட்டுக் காய்ச்சல், உடை நனையும் இரவு வியர்வை, ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்கு எடை குறைவு ஆகியவை சேர்ந்தால் நான்கு வாரமும் காத்திருக்க வேண்டாம். 40 வயதைக் கடந்தவர், அதிலும் புகையிலைப் பழக்கம் உள்ளவர், கழுத்தில் வலியில்லாத கட்டியோடு வந்தால் வாயையும் தொண்டையையும் பார்க்காமல் அனுப்பக் கூடாது.

இன்னொன்று: புண்ணிலிருந்து அக்குளை நோக்கியோ தொடை இடுக்கை நோக்கியோ தோலில் சிவப்புக் கோடு ஓடினால், கூடவே குளிர் காய்ச்சலும் வந்தால், நிணநீர் நாளமே அழன்றிருக்கிறது. இதற்கு ஆன்டிபயாடிக் அன்றைக்கே தொடங்கவேண்டும்.

காரியத்தைக் கெடுப்பவை

வைரஸால் வந்த வீக்கத்துக்கு ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. எப்ஸ்டைன்-பார் வைரஸ் காய்ச்சலில் டான்சிலும் கழுத்துக் கணுவும் பெரிதாக வீங்கும். அதை பாக்டீரியா என்று எண்ணி அமாக்சிசிலின் கொடுத்தால் உடம்பெல்லாம் தடிப்பு வரும் வாய்ப்பு உண்டு. அதே நோயில் மண்ணீரல் வீங்கி மென்மையாகிவிடுவதால், குறைந்தது மூன்று வாரம் மோதல் விளையாட்டு கூடாது.

ஆன்டிபயாடிக்கைவிடப் பெரிய கெடுதல் ஸ்டீராய்டு. காரணம் தெரியாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் லிம்ஃபோமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) கட்டி தற்காலிகமாகக் கரைந்துவிடும். வீட்டில் எல்லோரும் நிம்மதியாவார்கள். சில வாரம் கழித்து அது திரும்பி வரும்போது நோய் முற்றியிருக்கும். இடையில் பயாப்சி எடுத்தாலும் தெளிவாகத் தெரியாது.

பல கணுக்கள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து, சூடோ சிவப்போ இல்லாமல் கழுத்தில் மெல்ல வளர்ந்து நடுவில் குழைந்தால் காசநோயை நினைக்க வேண்டும். சாதாரணச் சீழ்க்கட்டி என்று கீறிவிட்டால் மாதக்கணக்கில் ஆறாமல் வடியும் புரையாகிவிடும். ஊசியால் உறிஞ்சி எடுத்த மாதிரியை நுண்ணோக்கியில் பார்ப்பதோடு, காசநோய்க் கிருமியின் மரபணுச் சோதனைக்கும் அனுப்புவதே சரி. மருந்து வழக்கமாக 6 மாதம். சிகிச்சை நடக்கும்போதே கணு திடீரென்று பெருப்பதும், புதிதாக ஒன்று தோன்றுவதும் உண்டு. செத்த கிருமிகளுக்கு எதிராக உடல் காட்டும் எதிர்வினையாகவும் அது இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள், மருந்து வேலை செய்யவில்லை என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். லிம்ஃபோமா சந்தேகம் என்றால் ஊசி மாதிரி போதாது, கணுவை முழுதாக எடுத்துத்தான் வகையைத் தீர்மானிக்க முடியும்.

வடிகால் கெட்டால்

மார்பகப் புற்றுக்காக அக்குள் கணுக்களை முழுவதும் எடுத்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு நிணநீர் வடிய முடியாமல் கை வீங்குகிறது. யானைக்கால் நோயில் புழுக்கள் நிணநீர் நாளத்திலேயே குடியிருந்து வால்வுகளைக் கெடுத்துவிடுகின்றன. மருந்து புழுவைக் கொல்லும்; கெட்ட வால்வைத் திருத்தாது. இரண்டாவது கால்விரல் பாதத்தோடு சேரும் இடத்தில் மேற்புறத் தோலைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். தூக்க முடியாதபடி தடித்திருந்தால் அது நிணநீர் வீக்கமாக இருக்கலாம். நீர் பிரியும் மாத்திரை இதற்கு உதவாது: நீரை இழுத்தாலும் தேங்கிய புரதம் அங்கேயே நிற்கும், அது மறுபடி நீரைச் சேர்க்கும்.

இங்கே வீக்கத்தைவிட ஆபத்து, அதில் புகும் கிருமி. ஒவ்வொரு தொற்றும் மிச்ச நாளங்களைக் கெடுத்து வீக்கத்தைக் கூட்டும். எனவே தினமும் இரு வேளை சோப்பும் சுத்தமான சாதாரணத் தண்ணீரும் கொண்டு கழுவி, மடிப்புகளையும் விரல் இடுக்குகளையும் தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். இடுக்கில் வெள்ளையாக ஊறியிருந்தால் பூஞ்சை மருந்து, வறண்ட இடத்தில் ஈரப்பத கிரீம். உட்காரும்போது காலைத் தூக்கி வையுங்கள், கணுக்காலை அடிக்கடி அசையுங்கள். அழுத்தக் கட்டு போடும் முறையைப் பழகியவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். தாறுமாறாக இறுக்கினால் கட்டுக்குக் கீழே வீங்கும். காய்ச்சலும் சிவப்புமாக இருக்கும் நாட்களில் மட்டும் உடற்பயிற்சியும் கட்டும் வேண்டாம். குளிர்ந்த நீர்த் துணி, ஓய்வு, மருத்துவர் சொல்லும் ஆன்டிபயாடிக்.

மண்ணீரலை எடுத்தவர்களுக்குச் சொல்லவேண்டியது தனியே உண்டு. கணுக்கள் நிணநீரை வடிகட்டுவதுபோல் இரத்தத்தை வடிகட்டுவது மண்ணீரல். நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் போல வழுவழுப்பான உறை போர்த்திய பாக்டீரியாக்களை அதுதான் பிடிக்கும். திட்டமிட்ட அறுவை என்றால் இரண்டு வாரம் முன்பாவது நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃபுளூயன்சா பி பாக்டீரியா) தடுப்பூசிகளைப் போட்டுவிட வேண்டும். விபத்தில் அவசரமாக எடுத்திருந்தால் அறுவை முடிந்து இரண்டு வாரம் கழித்து. ஃபுளூ ஊசி ஆண்டுதோறும். நாய் கடித்தால் காயம் சிறிதானாலும் அன்றே மருத்துவரிடம் காட்டி, மண்ணீரல் இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். 38 டிகிரி காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் போட்டுவிட்டு மறுநாள் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. மருத்துவர் முன்கூட்டியே கொடுத்துவைத்த ஆன்டிபயாடிக்கின் முதல் வேளையை விழுங்கிவிட்டு, அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.